சம்பந்தியின் வலது கால்

1

என் சம்பந்தி சென்னியப்பனின் வலது காலில் மூன்று விரல்கள் கிடையாது. பெருவிரலும் அதை ஒட்டிய இரண்டும். அவற்றை அவர் இழந்தது இங்கே, கனடாவில், உறைந்த ஏரியின்மேல், நான் மீன்பிடிக்கக் கூட்டிப்போன ஒரு காலையில். அவருக்கு ஈரமான பூட்ஸைப் போட்டுவிட்டவன் நான். ஈரம் என்று எனக்குத் தெரியும். அதன்பிறகு ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள், 'அவரே பூட்ஸைக் கழற்றிவிட்டார், சொன்னால் கேட்கவில்லை' என்று எல்லாரிடமும் சொல்லிவந்தவனும் நான்தான்.

எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் பிறந்து, கோவையில் வேதியியல் படித்து, முப்பத்தைந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்து, அரசு ஆய்வகம் ஒன்றில் ஏரித் தண்ணீரைச் சோதித்துச் சோதித்தே ஓய்வு பெற்றேன். படித்தவன் சொல்லும் பொய்க்கு ஒரு வசதி உண்டு. யாரும் அதைத் திருப்பிக் கேட்பதில்லை.

2

போன ஆண்டு குளிர்காலத் தொடக்கத்தில் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் ரேவதி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவிநாசிப் பெண். வந்து நாலு வருடமாகியும் பேச்சில் ஊர் அப்படியே இருக்கிறது.

"ஏனுங்க அங்கிள், நம்ம பக்கத்துப் பசங்க இந்த வருசம் நெறையப் பேரு படிக்க வந்திருக்காங்க. ஏரி மேல மீன் புடிக்கப் போறோம்னு ஜிம்முக்குப் போற ஷூவைப் போட்டுட்டுக் கெளம்பறாங்க. காலை எப்படிச் சூடா வெச்சுக்கறதுன்னு ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுத்துப்போடுங்க."

"நான் எதுக்கும்மா?"

"உங்களைவிட்டா யாருங்க இருக்கறாங்க? முப்பது வருசமா ஐஸ் மேல உக்காந்திருக்கறவரு."

உட்கார்ந்து எழுதினேன். எனக்குத் தெரிந்ததுதானே.

பூட்ஸ் உங்கள் அளவைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான பூட்ஸில் இரத்தம் நுனிவிரலுக்குப் போகாது. அதனால் இரண்டு மூன்று காலுறைகளைத் திணித்துப் போட்டால் குளிர் குறையாது, கூடும். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம். பஞ்சாலைகளின் சங்குச் சத்தத்தில் வளர்ந்த நான் இதை எழுதச் சற்றுக் கூச்சப்பட்டேன். ஆனால் பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது. உள்ளே மெல்லியதாக ஒன்று, மேலே கம்பளியில் ஒன்று. வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு காரில் சூடு போட்டு வராதீர்கள், கால் வியர்த்துவிடும். ஏரிக்கரையில் உலர்ந்த காலுறைக்கு மாறுங்கள். பனிக்கட்டியின்மேல் நேராக நிற்காமல் காலடியில் ஒரு பலகையோ பழைய கம்பளத் துண்டோ போட்டுக்கொள்ளுங்கள். குளிர் மேலிருந்து வருவதைவிடக் காலடியிலிருந்துதான் அதிகம் ஏறுகிறது. பூட்ஸுக்குள் கழற்றி மாட்டுகிற கம்பளி உள்ளுறை ஒன்று இருக்கும். அன்றன்று மாலை அதை வெளியே உருவிக் காயவையுங்கள். ஈர உள்ளுறை போட்டுக்கொண்டு போவதும் வெறுங்காலோடு போவதும் ஒன்றுதான்.

இதுவரை கை தடையில்லாமல் ஓடியது. பிறகு கடைசி விதியை எழுதினேன். 'கால் குளிர்கிறது என்று யாராவது சொன்னால் பயமில்லை. எழுந்து நடக்கச் சொல்லுங்கள். குளிர் இப்போது தெரியவில்லை என்று சொன்னால், தூண்டிலை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.'

எழுதிவிட்டு எழுந்துகொண்டேன். சன்னலுக்குப் போனேன். அடுப்பங்கரைக்குப் போய்த் தண்ணீர் பிடித்தேன், குடிக்கவில்லை. கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போய் ஒன்றும் செய்யாமல் திரும்பினேன். அன்று முழுக்க எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தை ரேவதிக்கு அனுப்பவுமில்லை.

3

என் மகன் கார்த்தியின் மனைவி நித்யா கோபிச்செட்டிபாளையத்துக்கு அருகில் ஒரு கிராமத்துப் பெண். அவளுக்கு முதல் பிரசவம் மாசியில் என்று நாள் குறித்திருந்தார்கள். அதற்காக அவள் அப்பா சென்னியப்பனும் அம்மாவும் தை மாதமே வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். சம்பந்தி நெல்லும் வாழையும் வைத்திருக்கும் விவசாயி. என்னைவிட எட்டு வயது இளையவர். வாய்க்காலில் தூண்டில் போட்டுப் பழகியவர் என்று தெரிந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் மகன் ஒருநாளும் என்னோடு ஏரிக்கு வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு. முந்தின நாள் நான் தனியாகப் போயிருந்தபோது, மீன்பிடிக்கப் பனியில் போட்ட துளைக்குப் பக்கத்தில், கரைந்த பனிச் சேற்றில் என் வலது கால் இறங்கிவிட்டது. அந்தப் பூட்ஸின் உள்ளுறையை மாலையில் உருவிக் காயவைக்க மறந்துபோனேன். காலையில் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். சில்லென்று ஈரம். காயவைக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மீன் கடிக்கிற நேரம் போய்விடும்.

என்னிடம் இன்னொரு ஜோடி இருந்தது. புதியது. இரண்டும் ஒரே அளவு. அதை நான் போட்டுக்கொண்டேன். பழையதைச் சம்பந்திக்குக் கொடுத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடங்களில் பல காரணங்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதுவும் நிற்கவில்லை. புதியது என்னுடையது, அவ்வளவுதான்.

ஏரிமேல் அவர் ஒரு குழந்தையைப்போல் சுற்றிப் பார்த்தார். பனியில் துளைபோடும் இயந்திரத்தை நான் முடுக்கியதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"அட கெரகமே! இங்கயும் போர் போட்டாத்தானுங்களா தண்ணி? எத்தனை அடியில வருதுங்க?"

"ரெண்டு அடிங்க சம்மந்தி."

"குடுத்து வெச்சவங்க. நாங்க எண்ணூறு அடி போட்டும் புழுதிதானுங்க வருது."

பைக் என்ற மீன் இங்கே கிடைக்கும் என்றேன். "மீனுக்குப் பேரே பைக்குங்களா? மைலேஜ் எத்தனை குடுக்குமுங்க?" என்றார். நானும் சிரித்தேன். உண்மையில் இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவ்வளவு மகிழ்ச்சியான ஒரு காலை எனக்கு வாய்த்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மணி நேரம் போயிற்று. "காலு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க தூண்டிலைப் பாருங்க."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பெண் கொடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டில் குறை சொல்ல மாட்டார்கள். காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தாலும் 'நல்லாருக்குதுங்க' என்றுதான் டம்ளரைக் கீழே வைப்பார்கள். பெண் அந்த வீட்டில் வாழ வேண்டுமே. அவர் 'ஒண்ணுமில்லீங்க' என்றால் அது அவருடைய காலைப் பற்றிய செய்தியே அல்ல, அவருடைய மகளைப் பற்றிய செய்தி என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஊரில் என் அப்பாவுக்கு வார்ப்படப் பட்டறை இருந்தது. உலையடியில் வெறுங்காலோடு நிற்கும் ஆட்கள் முதலாளி கேட்டால் 'சுடறதில்லீங்க' என்பார்கள். அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்வது எங்கள் குடும்பத்துக்குச் சௌகரியமாக இருந்தது. நான் அந்த வீட்டுப் பிள்ளை.

இன்னொரு மணி கழித்து மறுபடி கேட்டேன். "கொஞ்சம் சில்லுனு இருக்குதுங்க. பரவாயில்லீங்க" என்றார். காலைத் தட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டார். மூன்றாம் முறை கேட்டபோது முகம் தெளிந்து சொன்னார்:

"இப்பக் குளுரே தெரியறதில்லீங்க சம்மந்தி. பழகிப்போச்சாட்ட இருக்குது."

அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்: விரல்கள் மரத்து உறையத் தொடங்கிவிட்டன. ஏரியில் முதல் வருடம் போகிறவனுக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அந்த நேரம் பார்த்து என் தூண்டில் நுனி அசைந்தது. விட்டது. மறுபடி அசைந்தது. அரை மணிக்கு மேல் நான் துளையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. கடைசியில் ஒரு மீனை எடுத்தேன். பிறகுதான் போகலாம் என்றேன். எழுந்து நடந்த சம்பந்தி நாலாவது அடியில் விழுந்தார்.

4

மருத்துவமனையில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். இளம் பெண் மருத்துவர். காலைப் பார்த்தார். இடது கால் சிவந்திருந்தது, அவ்வளவுதான். வலது கால் விரல்கள் மெழுகுபோல வெளுத்துக் கெட்டியாக இருந்தன.

"ஒரு கால் மட்டும் ஏன் இப்படி?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். "பூட்ஸுக்குள் தண்ணீர் போயிற்றா? அவரைக் கேளுங்கள்."

கதவருகில் கார்த்தி நின்றுகொண்டிருந்தான். வெளியே நித்யா நிறைமாத வயிற்றோடு வந்துகொண்டிருந்தாள். நான் சம்பந்தியின் பக்கம் திரும்பினேன்.

"வலிக்குதான்னு கேக்கறாங்க" என்றேன்.

"வலியே இல்லீங்க" என்றார்.

நான் மருத்துவரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன்: "வலது பூட்ஸ் கனமாக இருந்ததென்று கழற்றிவிட்டாராம். ஊரில் வெறுங்காலோடு நடந்து பழக்கம். நான் சொன்னேன், கேட்கவில்லை."

மருத்துவர் நம்பினார். கார்த்தி நம்பினான். வெடித்த குதிகால்களோடு ஒரு விவசாயி அங்கே படுத்திருக்கும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? பயணக் காப்பீட்டுப் படிவத்தில் 'விபத்தின் காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. அதிலும் இதையே என் நல்ல கையெழுத்தில் நிரப்பினேன். ஆங்கிலத்தில் மூன்று சொற்கள். தானே காலணியைக் கழற்றினார்.

சம்பந்தி பத்தாவது வரை படித்தவர். 'பூட்' என்ற சொல்லும் 'ரிமூவ்' என்ற சொல்லும் அவருக்குப் புரியாதவையல்ல. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கதவருகில் கார்த்தி சொன்னதைக் கேட்டுக்கொண்டு நித்யா உள்ளே வந்தாள்.

"அப்பா! பூட்ஸைக் கழட்டினீங்களாமா? நம்ம வயல்னு நெனச்சீங்களா? உங்களுக்கு என்ன புடிச்சுச்சு?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் சொல்லிவிட்டார். "ஆமா கண்ணு. கழட்டிப்போட்டேன். புத்தி கெட்டுப்போச்சு."

நான் சொன்ன பொய்யை அவர் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்தில் வந்தது வெட்கமல்ல, நிம்மதி. பேத்தி பிறந்து இரண்டு வாரம் கழித்து அவருடைய மூன்று விரல்களையும் எடுத்தார்கள்.

5

இது அதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். ஆனால் அந்த மூன்று சொற்கள் வளர்ந்தன.

நித்யா அப்பாவின் கையில் குழந்தையைக் கொடுக்க மாட்டாள். "நீங்க உக்காருங்கப்பா, உங்களுக்கு நெதானம் பத்தாது." கால் நிதானத்தைச் சொல்கிறாள் என்று முதலில் எல்லாரும் நினைத்தோம். கால் ஆறியபிறகும் அது மாறவில்லை. சொன்னால் கேட்காதவர், ஆபத்து தெரியாதவர் என்று தன் அப்பாவைப் பற்றி அவள் முடிவு செய்துவிட்டாள். எதையும் எச்சரிக்கையோடு செய்கிறவள் அவள். அவளுக்குக் கிடைத்த சாட்சியத்தின்படி அந்த முடிவு சரியானதுதான்.

பேத்தி மகிழினி பேசத் தொடங்கினாள். எங்கள் வழக்கப்படி அப்பாவின் அப்பாவான நான் அவளுக்கு 'அப்பாரு', அம்மாவின் அப்பாவான அவர் 'அப்புச்சி'. அந்த இரண்டு சொற்களும், சோறு, பாப்பா, வேண்டாம் என்று இன்னும் பத்துப் பதினைந்தும்தான் அவளிடம் அன்றைக்கு இருந்த தமிழ். மற்றதெல்லாம் ஆங்கிலம். பள்ளியில் குளிர்காலப் பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுத்தபோது, 'என் அப்புச்சி பனியில் பூட்ஸைக் கழற்றினார், அது முட்டாள்தனம்' என்று எழுந்து சொல்லிப் பாராட்டு வாங்கி வந்தாள். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அவளுக்கு ஐந்து வயதானபோது எல்லாருமாகக் கோபி போயிருந்தோம். சம்பந்தி மூங்கில் குச்சியில் நூல் கட்டிக் குழந்தைக்கென்று குட்டித் தூண்டில் ஒன்று செய்து வைத்திருந்தார். வாய்க்கால் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். குழந்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிறங்கியது. நித்யா பின்னாலேயே வந்து குழந்தையின் கையை விடுவித்தாள்.

"வேண்டாம்பா. உங்களை நம்பி அனுப்ப முடியாது. உங்களுக்குக் காலு போனது பத்தாதுங்களா?"

அவர் தூண்டிலை ஓட்டின் இடுக்கில் செருகி வைத்துவிட்டு, சற்றே விந்தி விந்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அதைக் குடித்து முடித்தேன்.

6

ரேவதி கேட்ட பக்கத்தை அனுப்ப முடியாமல் நடமாடிய அந்த வாரம், என் மனைவி சரோஜாவிடம் முதலில் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"பூட்ஸை உள்ள எடுத்து வெச்சது நாந்தானுங்களே. எடது காஞ்சிருந்துச்சு. வலது உள்ளுறை கல்லாட்ட உறைஞ்சு கெடந்துச்சு. கழட்டி வெச்ச பூட்ஸு அப்படியா இருக்கும்? நான் வேதியியல் படிக்கலீங்க. அதுக்காகத் துணி காயவெக்கத் தெரியாதவளா?"

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." கீரைத் தண்டை ஒடித்தாள். "பதினோரு வருசம் பார்த்துப்போட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வழக்கம்போல வந்திருந்தபோது நித்யாவிடம் சொன்னேன். கார்த்தியும் இருந்தான். ஈரம், புது ஜோடி, மூன்று முறை கேட்டது, அவர் சொன்ன பதில், மருத்துவரிடம் நான் மாற்றிச் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. கார்த்தி "அப்பா, ஸ்டாப்" என்று இரண்டு முறை சொன்னான். நித்யா கைபேசியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அங்கே ஊரில் அப்போது இரவு, அவள் அதைப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"அப்பா அப்படியெல்லாம் இல்லைங்கறாங்க. நாந்தான் கழட்டினேன், மாமாவுக்கு வயசாகிப் போச்சு, என்னமோ நெனச்சுக் கொழப்பிக்கிறாங்கன்னு சொல்றாங்க." என்னை நேராகப் பார்த்தாள். "ரெண்டு பேருல யாருங்க மாமா பொய் சொல்றீங்க?"

"அப்பாதான் அம்மணி. இப்பவும் எனக்காக."

"அப்பொ அவரு வாயால நான் கேக்கோணுங்க."

7

பிறந்த ஊருக்குப் போக நான் இந்த வயதில் விசா வாங்க வேண்டும். படிவத்தில் பயணத்தின் நோக்கம் கேட்டிருந்தார்கள். சுற்றுலா, வணிகம், மருத்துவம், உறவினரைப் பார்த்தல். நான் நெடுநேரம் அந்தப் பட்டியலையே பார்த்துவிட்டுக் கடைசியில் உறவினரைத் தேர்ந்தெடுத்தேன்.

தை மாதம் தனியாகப் போனேன். கோவையில் இறங்கி நேரே கோபிக்குக் கார் பிடித்தேன். சம்பந்தி வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வரப்பில் ஏறி வந்தார்.

"வாங்க வாங்க சம்மந்தி. ஒரு போன் போட்டிருந்தா நான் கோயமுத்தூருக்கே வந்திருப்பனுங்களே. ஏ புள்ள, சம்மந்தி வந்திருக்கறாங்க, காப்பி வை."

"காப்பி இருக்கட்டுங்க. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்."

அவர் முகம் இறுகியது. அடுப்பங்கரையை ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அதை எதுக்குங்க இப்பக் கிளப்பறீங்க? பொண்ணுகிட்டயும் சொல்லிப்போட்டீங்களாமா. நான் இல்லைன்னு சொல்லி வெச்சிருக்கறன். அதோட உட்டுருங்க."

"எனக்கு மனசு கேக்கலீங்க."

"உங்க மனசு." மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். இவ்வளவு காலத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அப்போதுதான். "உங்க மனசு லேசாகோணும்னு சொல்லிப்போட்டீங்க. அவ அங்க உங்க ஊட்டுல வாழறவளுங்க. நாளைக்கு உங்களுக்குச் சோறு போடறப்ப அவளுக்கு இது நெனப்பு வராதுங்களா? அவ நிம்மதியா இருக்கோணும்னுதானுங்க நான் வாயை மூடிக்கிட்டது. என்ர மூணு விரலைக் குடுத்து வாங்குன நிம்மதிங்க அது. அதைப் போய் ஒடைச்சுப்போட்டீங்களே."

மன்னிப்புக் கேட்டால் அவர் மன்னிப்பார், அல்லது மறுப்பார் என்று இரண்டு வழிகளைத்தான் விமானத்தில் யோசித்து வந்திருந்தேன். நான் செய்ய வந்த பரிகாரமே அவருக்கு இரண்டாவது நஷ்டமாக இருக்கும் என்று தோன்றவேயில்லை.

கதவருகில் டம்ளரோடு சம்பந்தியம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. டம்ளரைத் தரையில் வைத்தார்.

"பூட்ஸை நீங்க கழட்டலீங்களா?"

"நீ உள்ள போ."

"கழட்டலீங்களா? அப்ப நானும் இத்தனை வருசமா உங்களை வெறும் புத்தியில்லாத மனுசன்னு வைதுபோட்டனே! சொந்தப் பேத்தியைக் கூட்டிட்டு வாய்க்கால் வரைக்கும் போக உடாம, நானும் அவகூடச் சேர்ந்து, ஐயோ, வாயைத் தொறந்து ஒரு சொல்லு எங்ககிட்டவாவது..."

அழுகையும் கோபமுமாகப் போனை எடுத்து நித்யாவைக் கூப்பிட்டார். எடுத்ததும் அதைக் கணவரின் கையில் திணித்தார். "சொல்லுங்க. இப்பச் சொல்லலீன்னா நான் இந்த ஊட்டுல ஒலை வெக்க மாட்டேன்."

அவர் போனைக் காதில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆமா கண்ணு. பூட்ஸு போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஈரமாத்தான் இருந்துச்சு." பிறகு, "அழுகாத. உன்ர மாமாவை ஒண்ணும் சொல்லிப்போடாத. பெரிய மனுசன், தானா வந்து சொல்றாங்க" என்றார்.

நான் அன்று மாலையே கிளம்பினேன். கார்வரை வந்து வழியனுப்பினார். வழக்கம்போல ஒரு தார் பூவன்பழம் வைத்தார். விமானத்தில் கொண்டுபோக முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாங்கிக்கொண்டேன். "போயிட்டு வாங்க" என்றார். 'மறந்துவிட்டேன்' என்று சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை என்று சொல்ல முடியாது.

8

அதன்பின் நடந்தவை இவை.

ஜூலையில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் நித்யா மகளை அழைத்துக்கொண்டு கோபி போனாள். இரண்டு வாரத்தில் தான் மட்டும் திரும்பி வந்தாள். மகிழினியை ஆகஸ்ட் கடைசிவரை அப்புச்சியிடம் விட்டுவிட்டாள். கார்த்தி எனக்கு ஒரு படத்தைக் காட்டினான். வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் பேத்தி நிற்கிறாள், கரையில் சம்பந்தி. அவர் அப்படிச் சிரித்து நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். மகிழினி திரும்பி வந்தபோது, "ஏனுங்க அப்பாரு, சௌக்கியங்களா?" என்று கேட்டாள். பல வருடமாக நான் சொல்லிக்கொடுத்தும் வராத தமிழ் ஏழு வாரத்தில் வந்திருந்தது.

நித்யா என்னிடம் சண்டை போடவில்லை. சம்பந்தி பயந்ததுபோலச் சோறு போடும்போது நினைத்துக்கொண்டாள் என்றே எண்ணுகிறேன். பரிமாறுவதில் ஒரு குறையும் வைத்ததில்லை, என் முகத்தைப் பார்ப்பதுமில்லை. வாரம் ஒருமுறை வந்தவர்கள் மாதம் ஒருமுறை வருகிறார்கள். சரோஜா அதைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. ரேவதிக்கு அந்தப் பக்கத்தை இந்த ஆண்டு அனுப்பிவிட்டேன், கடைசி விதியோடு. அதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்றும் அதன்கீழே எழுதியிருந்தேன். அதைச் சங்க இதழில் போடலாமா என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

போன சனிக்கிழமை அவர்கள் வந்திருந்தார்கள். ஏரி உறைந்துவிட்டது. நான் கொட்டகையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மகிழினி ஓடிவந்தாள்.

"நானும் வாரனுங்க அப்பாரு. அப்புச்சி எனக்குத் தூண்டில் போடச் சொல்லிக் குடுத்தாங்க."

நித்யா வாசற்படியில் நின்றாள். "அவ உங்ககூட வர மாட்டா" என்றாள்.

ஒரு 'மாமா' இல்லை. முடிவில் ஒரு 'ங்க' இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. அவளுடைய அப்பாவால் ஏரியின்மேல் மூன்று மணி நேரம் சொல்ல முடியாமல் போனதை அவள் ஒரே மூச்சில் சொன்னாள்.

"சரி அம்மணி" என்றேன்.

"ஒய்?" என்றாள் மகிழினி. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏன்?"

நித்யா மகளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சம்பந்தியும் அந்த ஏழு வாரத்தில் சொல்லவில்லை. நித்யா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில். அப்புச்சி பூட்ஸைக் கழற்றவில்லை என்றேன். குளிர் தெரியவில்லை என்று அவர் சொன்னதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும் என்றேன். ஆனாலும் மீன் கடித்துக்கொண்டிருந்ததால் அரை மணி நேரம் இருந்துவிட்டேன் என்றேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, "ரொம்பப் பெரிய மீனா?" என்றாள்.

"இல்லை கண்ணு. சின்னது. சட்டப்படி வெச்சுக்கற அளவுகூட இல்லை. தண்ணியிலேயே திருப்பி விட்டுட்டேன்."

அவள் நடந்துபோய், வாசற்படியில் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.